பதினோராவது வரி

போன மாதம் அனூப் வீட்டுக்கு வந்திருந்தான். நான் ஓய்வு பெற்ற பிறகு கல்லூரியில் என் நாற்காலியில் உட்கார்ந்தவன். தொழில்முனைவோர் பிரிவின் டெக்னிக்கல் ஆபீசர். மாணவர்களைப் படிக்கிற காலத்திலேயே கம்பெனி தொடங்க வைப்பதுதான் அந்தப் பிரிவின் வேலை. ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்றான். பிள்ளைகளுக்கு ஊக்கம் தருகிற மாதிரி நாலு பக்கம் போதுமாம். எழுதுவதெல்லாம் நமக்கு வராதப்பா என்று பிகு பண்ணிக்கொண்டேன்.

பேச்சுவாக்கில், நான் தயாரித்த சரிபார்ப்புப் படிவம் இப்போதும் இருக்கிறதா என்று கேட்டேன். அவனுக்கு ஒரே உற்சாகம். பையிலிருந்து டேப்லெட்டை எடுத்துக் காட்டினான். பதினான்கு வரிகள், என்னுடைய வாசகங்கள்தான், ஆங்கிலத்தில் கொஞ்சம் பளபளப்பாக்கியிருந்தார்கள். கீழே ஒரு நீலப் பொத்தான். அதைத் தொட்டதும் பதினான்கு கட்டங்களிலும் ஒரே நேரத்தில் டிக் விழுந்தது.

"இப்போ எளுப்பமாணு சாரே. ஒற்ற அமர்த்தல் மதி" என்றான். இப்போது சுலபம், ஒரே ஒரு அழுத்தல் போதுமாம்.

நான் பதினோராவது கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டுரை எழுதித் தருகிறேன் என்று அப்போதே சொல்லிவிட்டேன். அவன் கேட்ட கட்டுரை இது இல்லை என்பது அவனுக்குத் தெரியாது.

என் பெயர் நாகலிங்கம். பூர்வீகம் நாஞ்சில் நாடு. அப்பா காலத்தில் திருவனந்தபுரத்துக்கு வந்து கரமனையில் தங்கிவிட்டோம். வீட்டில் தமிழ், வெளியில் மலையாளம், கோபம் வந்தால் இரண்டும். ஐ.டி.ஐ. முடித்துவிட்டு ஒரு பொறியியல் கல்லூரியின் பட்டறையில் லேத் இன்ஸ்ட்ரக்டராகச் சேர்ந்தேன். என்னைப் பழக்கிய மேஸ்திரிக்கு ஒரே ஒரு சட்டம் இருந்தது. லேத்தில் இரும்பைப் பிடித்துக்கொள்ளும் பகுதிக்குச் சக் என்று பெயர். அதை முறுக்க ஒரு சாவி உண்டு. முறுக்கியதும் சாவியைக் கையோடு உருவிவிட வேண்டும். அது சக்கிலேயே இருக்க மெஷினை ஓடவிட்டால் சாவி பறந்து வந்து மண்டையைப் பிளக்கும். உருவாமல் கையை எடுத்தால் மேஸ்திரி மரக்கட்டையால் விரலில் போடுவார். இருபத்திரண்டு வருடம் லேத்தோடு கழிந்தது. அதில் ஒரு விபத்துகூட என் பட்டறையில் நடக்கவில்லை.

பிறகு காலம் மாறியது. பட்டம் வாங்கிக்கொண்டு வேலைக்கு அலையாதே, நீயே நாலு பேருக்கு வேலை கொடு என்று மேலிருந்து உத்தரவு மேல் உத்தரவாக வந்தது. கல்லூரியில் பழைய சைக்கிள் ஷெட்டுக்குக் கண்ணாடி போட்டு, ஏ.சி. வைத்து, மஞ்சள் நாற்காலிகள் வாங்கி, தொழில்முனைவோர் பிரிவு திறந்தார்கள். கைவேலை தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும் என்று என்னை அங்கே மாற்றினார்கள். நான் கேலியாகத்தான் போனேன். ஆனால் அந்தப் பிள்ளைகளைப் பார்க்கப் பார்க்க எனக்கே ஒட்டிக்கொண்டது. கப்பைக்கிழங்கு சீவுகிற மெஷின், கழக்கூட்டத்து ஐ.டி. கம்பெனிகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிற ஆப், பார்வையில்லாதவர்களுக்கான கைத்தடி என்று ஆளுக்கொரு கனவோடு வருவார்கள். கம்பெனி நடத்தும் மாணவர்களுக்கு அட்டெண்டன்ஸில் சலுகை உண்டு. வகுப்புக்கு வராத நாட்களை வந்ததாகக் கணக்கில் எடுப்போம். அந்தச் சலுகைக் கோப்பைத் தயாரிப்பதும், அவர்கள் செய்கிற பொருளைச் சோதித்துக் கையெழுத்துப் போடுவதும் என் வேலை.

பிரிவின் தலைவர் வேணு சார். எலக்ட்ரானிக்ஸ் பேராசிரியர். அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. ஒரு வேலை ஆக வேண்டும் என்றால் கூப்பிடுவார், உட்காரச் சொல்வார், பாலில்லாத கட்டன் சாயா வரவழைப்பார், வீட்டில் எல்லாரும் நலமா என்று விசாரிப்பார். அதற்குள் கோப்பு மேஜையின் என் பக்கத்துக்கு நகர்ந்து வந்திருக்கும். கையெழுத்துப் போட வேண்டிய இடத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு பெருக்கல் குறி இருக்கும். நான் படிக்கத் தொடங்கும் முன்பே அது அங்கே இருக்கும். படிக்காதே என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. சாயா ஆறிவிடுமே என்பது போலப் பார்ப்பார், அவ்வளவுதான்.

டெமோ சுவிட்ச் வந்த கதையைச் சொல்ல வேண்டும். ஒரு வருடம் எங்கள் பிள்ளைகள் பாலில் கலப்படம் கண்டுபிடிக்கும் கருவி ஒன்றைப் போட்டிக்குக் கொண்டுபோனார்கள். உண்மையிலேயே நல்ல கருவி. ஆனால் முடிவு சொல்ல நாலு நிமிடம் எடுக்கும். நடுவர்கள் மூன்றாவது நிமிடமே அடுத்த மேஜைக்குப் போய்விட்டார்கள். பரிசு, பொத்தானை அமுக்கியதும் விளக்கு எரிகிற ஏதோ ஒரு டப்பாவுக்குப் போனது. அன்று திரும்பி வருகிற வழியில் வேணு சார் மெதுவாகச் சொன்னார், இனி நம்முடைய எல்லாக் கருவியிலும் ஒரு டெமோ சுவிட்ச் இருக்கட்டும் என்று. சுவிட்சை டெமோ பக்கம் திருப்பினால் நிஜச் சோதனை எதுவும் நடக்காது, பொத்தானைத் தொட்டதும் பலன் மட்டும் தெரியும். வேலைப் பக்கம் திருப்பினால் கருவி தன் வேலையைச் செய்யும்.

எனக்கு அப்போதே மேஸ்திரியின் மரக்கட்டை நினைவுக்கு வந்தது. படிவத்தில் நானே ஒரு வரியைச் சேர்த்தேன். பதினோராவது வரி: 'காட்சிக்குப் பின் சுவிட்ச் வேலை நிலைக்குத் திருப்பப்பட்டது; நேரில் பார்த்தேன்.' அதன் எதிரே தேதி, கையெழுத்து. அந்த வரியைப் பற்றி எனக்குக் கொஞ்சம் கர்வம்கூட இருந்தது.

பிரிஸ்கில்லா இரண்டாம் வருடம் படிக்கும்போது பிரிவுக்கு வந்தாள். பாறசாலைப் பக்கத்துப் பெண். அப்பா ரப்பர் வெட்டப் போகிறவர். சி.எஸ்.ஐ. குடும்பம், வீட்டில் தமிழ். வந்த முதல் நாளே என் பேச்சைக் கேட்டுவிட்டு, "சாரும் நம்ம பாஷையா?" என்று சிரித்தாள். அன்றிலிருந்து, எங்கள் ஊரில் பிள்ளையைக் கூப்பிடுவது போல, அவளை 'மக்களே' என்றுதான் கூப்பிடுவேன். அவளும் இன்னும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு வெள்ள எச்சரிக்கைக் கருவி செய்தார்கள்.

பொன்முடி அடிவாரத்தில் கல்லாற்றுக்குப் போனவர்களுக்குத் தெரியும். கீழே சுள்ளென்று வெயில் அடிக்கும், பாறைகளுக்கு நடுவே முழங்கால் அளவு தண்ணீர் கண்ணாடியாக ஓடும். ஊர்க்காரர்கள், வெளியூர்க்காரர்கள் எல்லாம் இறங்கிக் குளிப்பார்கள். மேலே மலையில் மழை பெய்துகொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. திடீரென்று தண்ணீர் வந்துவிடும். கரையில் சாயாக்கடை வைத்திருக்கும் ஓமனா சேச்சிக்கு மட்டும் அது முன்கூட்டியே தெரியும். தண்ணீரின் நிறம் மாறும், சருகு மிதந்து வரும். உடனே கரண்டியால் தட்டை அடித்துக்கொண்டு கத்துவாள். பிரிஸ்கில்லாவின் கருவி, மேலே ஒரு வளைவில் பாறையில் பதித்த உணரி வழியாக நீர்மட்டம் ஏறுவதைக் கண்டு, கீழே சாயாக்கடைப் பக்கத்திலுள்ள சைரனை அடிக்க வைக்கும். ஒரு மழைக்காலம் முழுக்க அவர்கள் பஸ் ஏறிப் போய்ச் சோதித்தார்கள். அட்டை கடித்த காலோடு வந்து என்னிடம் அளவுகளைக் காட்டுவார்கள். கருவியில் குற்றம் இருந்ததில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

தொடக்க விழாவுக்குப் பெரிய இடத்து விருந்தினர் வந்தார். அவர் வருகிற நேரம் பார்த்து ஆறு பெருகாது அல்லவா? அதனால் சுவிட்சை டெமோவில் வைத்து, அவர் பொத்தானை அமுக்க, சைரன் அடிக்க வேண்டும் என்று ஏற்பாடு. விழா முடிந்த அன்று சாயங்காலமே அறிக்கை பல்கலைக்கழகத்துக்குப் போயாக வேண்டும். ஆகவே முந்தின நாள் மத்தியானம் வேணு சார் கூப்பிட்டார். கட்டன் சாயா. வீட்டில் நலமா. படிவத்தில் பென்சில் குறிகள். விழா நாளின் தேதி முன்கூட்டியே எழுதியிருந்தது.

"நாளெ திருப்பி வைக்கும் அல்லே நாகலிங்கம்?" என்றார். நாளைக்குத் திருப்பி வைப்பீர்கள்தானே?

"வைக்கலாம் சார்" என்றேன். பதினோராவது வரிக்கு எதிரே டிக் போட்டேன். நேரில் பார்த்தேன் என்ற வாசகத்துக்குக் கீழே என் முழுக் கையெழுத்து. சாயா சூடாகவே இருந்தது.

மறுநாள் விழா ஜோராக நடந்தது. சைரன் அடித்தது, எல்லாரும் கைதட்டினார்கள். குரூப் போட்டோ எடுக்கும்போதே தூற்றல் விழுந்தது. விதுரையில் சாப்பாடு சொல்லியிருந்ததால் எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடினார்கள். நான் படிக்கட்டில் நின்று ஆளை எண்ணி ஏற்றிக்கொண்டிருந்தேன். பிரிஸ்கில்லா நனைந்துகொண்டே வந்தாள். சைரனுக்குக் கீழே சுவிட்ச் இருக்கும் பெட்டியைப் பூட்டிய சாவி அவள் கையில் இருந்தது.

"சார், சுவிட்சு மாத்தியாச்சா? போட்டோவுக்கு கூப்பிட்டாங்க, நான் பாக்காம பூட்டிட்டேன். போய் ஒருக்கா பாத்துட்டு வரட்டா?"

சாயாக்கடைக்கும் பஸ்ஸுக்கும் நூறடிகூட இருக்காது. டிரைவர் ஹார்ன் அடித்தார். ஜன்னலோரத்தில் வேணு சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"அதெல்லாம் முடிஞ்சாச்சு மக்களே, ஏறு" என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று நூறு முறை யோசித்திருக்கிறேன். படிவத்தில் டிக் இருந்தது. என் மனத்தில் அந்த வேலை முந்தின நாளே முடிந்துவிட்டது. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

துலாம் மாத மழை, நம் ஐப்பசி மழை, தொடங்கிய ஒரு மத்தியானம், கல்லாற்றில் குளித்துக்கொண்டிருந்த ஒரு குடும்பத்தில் இளம் பெண் ஒருத்தியைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போனது. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்தவள். லீவு கிடைத்து அக்கா, தங்கைகளோடு வந்திருந்தாள். சைரன் அடிக்கவில்லை. ஓமனா சேச்சி வழக்கம்போலத் தட்டை அடித்துக்கொண்டு கத்தியிருக்கிறாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே பதில் சொன்னாளாம்: "சைரன் அடிச்சில்லல்லோ சேச்சி!" சைரன் அடிக்கவில்லையே என்றாள். சைரன் இருக்கிறது, அது அடிக்கவில்லை, அப்படியானால் பயமில்லை. அவள் நினைத்ததில் என்ன தப்பு? நாங்கள்தான் அங்கே போர்டு வைத்து அப்படி நினைக்கச் சொன்னோம். இரண்டு நாள் கழித்து உடல் கிடைத்தது.

பெட்டியைத் திறந்து பார்த்தபோது சுவிட்ச் டெமோவில் இருந்தது.

கல்லூரி மூன்று பேர் கொண்ட விசாரணைக் குழு அமைத்தது. அதற்கு முந்தின நாள் வேணு சார் கூப்பிட்டார். சாயா வந்தது. பொய் சொல்லுங்கள் என்று அவர் சொல்லவில்லை, அதை நான் அவர்மேல் போட மாட்டேன். "ஃபார்மில் உள்ளது மாத்ரம் பறஞ்ஞால் மதி" என்றார். படிவத்தில் இருப்பதை மட்டும் சொன்னால் போதும். மேஜையில் அந்தப் படிவம் இருந்தது. என் கையெழுத்துக்குப் பக்கத்தில் பென்சில் குறியை ரப்பரால் அழித்திருந்தார்கள். காகிதம் அந்த இடத்தில் மட்டும் கொஞ்சம் மெலிந்திருந்தது. எனக்கு ஓய்வுக்கு ஐந்து மாதம் இருந்தது.

விசாரணை அறையில் பிரிஸ்கில்லாவை முதலில் கேட்டார்கள். அன்று சுவிட்சை யாரும் திருப்பி அவள் பார்க்கவில்லை என்றும், பஸ்ஸில் ஏறும்போது என்னிடம் கேட்டதாகவும் சொன்னாள். பிறகு என்னைக் கேட்டார்கள்.

"நான் திருப்பி வெச்சேன். நேர்ல பார்த்தேன். அதனாலதான் முடிஞ்சாச்சுன்னு சொன்னேன்" என்றேன்.

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் முகத்தில் நிம்மதிதான் தெரிந்தது, சார் செய்துவிட்டுத்தான் சொல்லியிருக்கிறார் என்று. அடுத்த நொடி அந்த நிம்மதி போய்விட்டது. ஏனென்றால் குழுவின் அடுத்த கேள்வி நேராக அவளிடம் வந்தது: அதற்குப் பிறகு பெட்டியைத் திறந்தது யார்?

திறந்தது அவள்தான். விழாவுக்குப் பத்து நாள் கழித்து பேட்டரி மாற்றப் போயிருக்கிறாள். சாவி அவளிடம் மட்டுமே இருந்தது. மழையில் குடையைத் தோளில் இடுக்கிக்கொண்டு, கீழ்த்தட்டில் கையை விட்டு பேட்டரியை மட்டும் மாற்றிவிட்டு வந்ததாகச் சொன்னாள். மேல்தட்டில் இருக்கும் சுவிட்சைப் பார்த்தாயா என்று கேட்டார்கள். பார்க்கவில்லை, சார் முடிந்தது என்று சொல்லியிருந்தாரே என்றாள். உன் கை பட்டிருக்கலாம் அல்லவா என்று கேட்டார்கள். அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். பிறகு, "பட்டிருக்குமோ என்னவோ சார்... அறியல்ல" என்றாள். எழுதுகிறவர் அதை எழுதிக்கொண்டார்.

மாணவியின் கவனக்குறைவு என்று முடிவாயிற்று. படிக்கிற பிள்ளை என்பதால் போலீசுக்குப் போகாமல் பார்த்துக்கொண்டதாக நிர்வாகம் பெருமையாகச் சொல்லிக்கொண்டது. கம்பெனிக்குக் கொடுத்த அட்டெண்டன்ஸ் சலுகையைத் திரும்பப் பெற்றார்கள். கல்லாற்றுக்குப் போய் அட்டைக்கடி வாங்கிய நாட்களெல்லாம் ஒரே உத்தரவில் வகுப்புக்கு வராத நாட்களாக மாறின. பரீட்சை எழுத முடியவில்லை. அந்த உத்தரவின் வரைவை எழுதியதும் நான்தான். அவள் படிப்பை விட்டுச் சாமான்களை எடுத்துக்கொண்டு போன அன்று நான் லீவு போட்டுவிட்டேன்.

ஐந்து மாதம் கழித்து எனக்குப் பொன்னாடை போட்டு அனுப்பினார்கள். வேணு சார் பேசும்போது, நாகலிங்கம் கையெழுத்துப் போட்டால் அதற்கு அப்பீல் இல்லை என்றார். எல்லாரும் கைதட்டினார்கள்.

மூன்று வருடம் ஆன பிறகு ஒரு நாள் பழவங்காடியில் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துத் துணிக்கடையில் வேட்டி எடுக்கப் போனேன். பில் போடுகிற இடத்தில் பிரிஸ்கில்லா உட்கார்ந்திருந்தாள். எனக்குத் திரும்பி ஓடிவிடலாம் போல இருந்தது. அதற்குள் அவள் எழுந்து நின்றுவிட்டாள்.

"சார்! சுகமா இருக்கீங்களா? மெலிஞ்சு போயிட்டீங்க."

"இருக்கேன் மக்களே. நீ?"

"கொழப்பமில்ல சார்." பில்லை மடித்தாள். கூட்டம் இல்லை. "சார், எனக்கு இப்பவும் அந்த பேட்டரி மாத்தினதுதான் மனசுல வரும். கை சுவிட்சுல தட்டினது போல ஒரு ஓர்மை. முதல்ல அப்படி ஓர்மை இல்லாம இருந்து. இப்போ நல்லா ஓர்மை இருக்கு. வீட்ல கேஸ் அடுப்ப அணைச்சிட்டு நாலு மட்டம் போய் பாப்பேன். அம்ம ஏசும்."

நடக்காத ஒன்று அவளுக்கு நினைவில் இருந்தது. அதை அங்கே வைத்தவன் நான். அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். "அதையெல்லாம் மனசுல வெச்சுக்காதே" என்று சொல்லிவிட்டு வேட்டியை வாங்கிக்கொண்டு இறங்கிவிட்டேன். ஒரு முறை பயந்து பொய் சொல்வதையாவது மன்னிக்கலாம். இரண்டாம் முறை எனக்குப் பயப்பட எதுவும் இல்லை. பென்ஷன் வந்துகொண்டிருந்தது. வெட்கம் மட்டும்தான் தடுத்தது. வெட்கத்துக்காக அந்தப் பெண்ணை இன்னும் இரண்டு வருடம் கேஸ் அடுப்புக்கு முன்னால் நிற்க வைத்தேன்.

அனூப்பின் நீலப் பொத்தானைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன். பிள்ளைகளை ஊக்குவிக்காதே என்று நான் சொல்ல வரவில்லை. அவர்கள் செய்வது பெரும்பாலும் ஒழுங்காகத்தான் இருக்கிறது. அவர்களைச் சுற்றி நிற்கும் எங்களைத்தான் சோதிக்க வேண்டும். இந்தக் கட்டுரையின் பிரதிகளைக் கல்லூரி முதல்வருக்கும் விசாரணைக் குழுவில் இருந்த மூன்று பேருக்கும் பதிவுத் தபாலில் அனுப்பப்போகிறேன். மலரில் போடுவதானால் முழுக்கப் போடு, இல்லையென்றால் விட்டுவிடு என்று அனூப்பிடம் சொல்லிவிட்டேன். அந்த நர்ஸ் பெண்ணின் வீட்டுக்கும் போக வேண்டும். இன்னும் போகவில்லை. அங்கே போய் என்ன சொல்வது என்று தெரியவில்லை, ஆனாலும் போவேன்.

தபாலில் சேர்ப்பதற்கு முன்னால், இதுவரை எழுதியதை எடுத்துக்கொண்டு பழவங்காடிக்குப் போனேன். கடை திறந்த நேரம். பிரிஸ்கில்லா வாங்கி நின்றபடியே படித்தாள். பஸ் படிக்கட்டு வருகிற பக்கத்தை இரண்டு முறை படித்தாள். நான் எதிரே குற்றவாளி போல நின்றேன், குற்றவாளியேதான்.

"அப்போ நான் இல்ல" என்றாள்.

"நீ இல்ல மக்களே. அது அன்னைக்கே திரும்பாமத்தான் இருந்தது."

அவள் காகிதங்களின் ஓரத்தை மேஜையில் தட்டிச் சரி செய்தாள். கடைசிப் பக்கத்தைத் திருப்பி, பில் போடுகிற பேனாவை என் பக்கம் நகர்த்தினாள்.

"அம்மைக்கு காட்டணும். ஒப்பு போட்டுத் தாங்க."

கையெழுத்துப் போட்டுவிட்டுக் காகிதத்தை நீட்டினேன். அவள் வாங்கவில்லை.

"தேதி போடல்ல. இன்னைக்கு உள்ள தேதி போடுங்க."

எழுதினேன். கடைச்சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு முறை பார்த்துச் சரிபார்த்த பிறகுதான் அவள் அதை வாங்கிக்கொண்டாள்.